புற்றுக்குப் பக்கத்தில் வைத்த ஏழு கூடுகள்

1. முதல் கடி

பால் ஆமையை நான் முதன்முதலில் உயிரோடு கையில் எடுத்த அன்றே அது என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அதுவரை எனக்குத் தெரிந்த ஆமைகள் எல்லாம் ஃபார்மலின் ஜாடிக்குள் இருந்தவை. அவை யாரையும் கடித்ததில்லை.

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில், முப்பது வருடம் லேப் அட்டெண்டராக இருந்தேன். ஜாடி துடைப்பது, ட்ரே கழுவுவது, பிராக்டிகல் நாளில் பிள்ளைகள் உடைக்கிற ஸ்லைடுகளைக் கூட்டி அள்ளுவது, இதுதான் வேலை. ரிடையர் ஆக நான்கு வருடம் இருக்கும்போது ஒரு நாள் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார்.

"சபாபதி, உங்க ஊர் ஏரியில ஒரு ப்ராஜெக்ட். ஆமை கணக்கெடுக்கணும். உனக்கு நீச்சல் தெரியும் இல்ல?"

"தெரியும் சார். ஆனா முதுகு வலி இருக்குது."

"தண்ணியில எறங்கினா எல்லாம் சரியாப் போயிடும்யா."

இப்படித்தான் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட் ஆனேன். முதுகு வலி இன்றுவரை சரியாகவில்லை.

ரிசர்ச் ஸ்காலர் பெயர் ஸ்டெல்லா. வாலாஜாபாத்காரர். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான். வயதில் என் மகளைவிட ஒன்றிரண்டு சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார். அங்கிள் என்று கூப்பிடாததாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்று நான் கட்டைவிரலில் தொங்குகிற ஆமையோடு குதித்துக்கொண்டிருந்தபோது அவர் நிதானமாகச் சொன்னார்.

"கையத் தண்ணிக்குள்ள விடுங்கண்ணா. அதுவே விட்டுடும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்?"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வருடம் நாங்கள் நிறையச் சிரித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை இதுதான். சாயங்காலம் ஏரியோரம் கூண்டு வலை கட்டுவோம். இரைக்கு ஒரு துணிப்பையில் கோழிக்குடல். வலைக்குள் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைப் போட்டால் வலையின் மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே மிதக்கும், மாட்டிய ஆமை மூச்சு விடும். கேனை மறந்தால் காலையில் செத்த ஆமைதான் கிடைக்கும். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, காலிப்பரில் ஓட்டின் நீளம், ஸ்பிரிங் பேலன்ஸில் எடை, வாலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று குறித்து, அடையாளத்துக்குப் பின் ஓட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டுவோம். எல்லாம் டேட்டா ஷீட்டில் ஏறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வனத்துறை அனுமதி அந்த நிபந்தனையோடுதான் வந்தது. வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்று நம்புகிற ஊர் எங்களுடையது. நான் ஆமை தொட்ட கையோடு வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் என் சைக்கிளைக்கூடத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள்.

2. குட்டி எங்கே?

முதல் மூன்று மாதம் நல்ல நல்ல ஆமைகளாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு நாள் கரைக்கு வந்த ஹெச்.ஓ.டி. வரிசையாக வைத்திருந்தவற்றைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னய்யா, ஏரி பூரா ஆமையா இருக்குது! ரொம்ப ஹெல்தி பாப்புலேஷன்."

 மறுநாள் ஸ்டெல்லா லேப் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். கீழே ஓட்டின் அளவு, சின்னதிலிருந்து பெரியது வரைக்கும். ஒவ்வொரு அளவிலும் எத்தனை ஆமை என்பதற்கு மேலே ஒரு கம்பம். வலது பக்கம் கம்பங்கள் ஓங்கி நின்றன. இடது பக்கம் வெறும் தாள்.

"அண்ணா, இதுல குட்டி எங்க?"

"வலைக்கண்ணு பெருசு மேடம். பூந்து ஓடியிருக்கும்."

நான் சும்மா சொன்னதை அவர் சும்மா விடவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரமே சின்னக் கண் வலை வாங்கிவந்தார். மறுபடி மூன்று மாதம். சேற்றில் கையால் துழாவினோம். பாசனக் கால்வாய், வரப்போரம், ஆகாயத்தாமரைக்கு அடியில் என்று ஓர் இடம் விடவில்லை. நடுத்தர அளவில் இரண்டு கிடைத்தன. குட்டி ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஒரு ஊர்ல ஜனம் நெறைய இருக்குதுன்னு வையுங்க. ஆனா எல்லாரும் அம்பது வயசுக்கு மேல. பால்வாடிய இழுத்துப் பூட்டி வெச்சிருக்காங்க. அந்த ஊர நீங்க ஹெல்தின்னு சொல்லுவீங்களாண்ணா?"

இதைத்தான் பாப்புலேஷன் ஸ்ட்ரக்சர் என்கிறார்கள். மொத்தம் எத்தனை என்று மட்டும் எண்ணினால் ஏமாந்து போவோம். எந்த அளவில், எந்த வயதில் எத்தனை என்று பார்க்க வேண்டும். ஆமை நீண்ட நாள் இருக்கிற உயிர். அதனால் புதிதாக ஒன்றும் பிறக்காமல் போனாலும் பல வருடத்துக்கு வெளியே தெரியாது. ஏரி நிறைந்திருக்கிற மாதிரியே இருக்கும். அன்று சாயங்காலம் வலை கட்டும்போது எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தச் சார்ட் என்னை அப்படி அடித்ததற்கு வீட்டுக் காரணமும் உண்டு. என் ஒரே மகள் கஸ்தூரியைக் காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் கொடுத்திருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வருவாள். மதகுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய புற்று இருக்கிறது. அதற்கு மஞ்சள் தடவி, பால் ஊற்றி, ஒரு நாட்டுக்கோழி முட்டையை வைத்துக் கும்பிடுவாள். மறுநாள் காலைக்குள் முட்டை காணாமல் போயிருந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. கஸ்தூரி மட்டுமல்ல, பிள்ளை வரத்துக்கும் நாக தோஷத்துக்கும் வருகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் முட்டை வைப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. போன் செய்து, "எடுத்துக்கினாங்கம்மா" என்பேன். "சரிப்பா. சாப்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். என் மனைவி இறந்த பிறகு தொடங்கிய பழக்கம் அது.

3. ஓட்டைப் பார்த்து ஆளைச் சொல்வது

குட்டி இல்லை என்றால் முட்டை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பெண் ஆமைகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. புரட்டாசி மழைக்குப் பிறகு கரையேறி, ஏரிக்கரையின் உட்சரிவில் மண்ணைத் தோண்டி முட்டை வைத்தன. பெரிய நெல்லிக்காய் அளவில் உருண்டையாக, வெள்ளையாக இருக்கும். ஒரு கூட்டில் நான்கைந்து, சிலதில் ஏழெட்டு. பால் ஆமை முட்டை உடனே பொரிக்காது. கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்து, அடுத்த மழைக்குத்தான் குட்டி வெளியே வரும். அத்தனை மாதம் அது பிழைத்துக் கிடக்க வேண்டும்.

பிழைக்கவில்லை. கூடு வைத்து இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவை தோண்டப்பட்டுவிட்டன. தோண்டியது யார் என்று கண்டுபிடிக்க ஸ்டெல்லா கற்றுக்கொடுத்தார். நாய் என்றால் பள்ளம் பெரிதாக, மண் நாலாபக்கமும் சிதறி, ஓடு நொறுங்கிக் கிடக்கும். உடும்பு என்றால் ஓடே இருக்காது, முழுசாக விழுங்கிவிடும், மண்ணில் வால் இழுத்த கோடு மட்டும் இருக்கும். கீரி என்றால் பள்ளம் சின்னது, முட்டையின் ஒரு முனையைக் கடித்துத் திறந்து உள்ளே இருப்பதை நக்கிவிட்டுப் போகும், ஓடு கோப்பை மாதிரி கிடக்கும். காக்கா மிச்சத்துக்கு வருகிற ஆள்.

இரண்டு மாதத்தில் நான் இதில் தேறிவிட்டேன். பள்ளத்தை எட்டிப் பார்த்ததும் ஆளைச் சொல்வேன். "அண்ணா எங்க டிபார்ட்மென்ட் துப்பறியும் ஆபீசர்" என்று ஸ்டெல்லா எல்லாரிடமும் சொல்லிவைத்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தப்பிய கூடுகள் ஏழு. மொத்தம் முப்பத்தெட்டு முட்டை. அந்த ஏழும் குட்டி பொரித்தால் சார்ட்டின் இடது பக்கத்தில் முதல் கம்பம் எழும். ஸ்டெல்லா தினமும் காலையில் அந்த ஏழு இடத்தையும் பார்த்த பிறகுதான் வாயில் ஒரு வாய் டீ ஊற்றுவார்.

4. மாசியில் வந்த மஞ்சள் வண்டி

மாசி மாதம் ஏரியைத் தூர் வார கான்ட்ராக்ட் விட்டார்கள். கரையின் உட்சரிவை முழுக்கச் சுரண்டிச் சமப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். ஏழு கூடும் அந்தச் சரிவில்தான். ஸ்டெல்லா ஜே.சி.பி. மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சினார். அவர் கெட்ட ஆள் இல்லை.

"ஆமைக்காக வண்டிய நிறுத்த முடியாதும்மா. எனக்கு மேல ஆளு இருக்காங்க. ஆனா ஒண்ணு, அந்தப் புத்துப் பக்கம் மட்டும் வண்டி வராது. நானே சொன்னாலும் டிரைவருங்க ஒத்துக்க மாட்டானுங்க."

எனக்கு அந்த நிமிடமே யோசனை வந்துவிட்டது.

"மேடம், கூட்ட எல்லாம் புத்தாண்ட மாத்திடலாம். மண்ணு பொலபொலன்னு இருக்குது. நல்ல வெயிலு. எவனும் செருப்பு போட்டுக்கினு கூட அங்க போக மாட்டான். குப்ப கொட்ட மாட்டான், மண்ணு அள்ள மாட்டான். அதவிட பத்திரமான எடம் இந்த ஏரியிலயே கெடையாது."

"வேற தொந்தரவு எதுவும் இருக்காதாண்ணா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"நான் பொறந்த ஊர் மேடம். எனக்குத் தெரியாதா?"

ஒரு நாள் முழுக்க வேலை. முட்டையை எடுக்கும்போது புரட்டிவிடக் கூடாது. கருவெல்லாம் மேல்பக்கம் ஒட்டியிருக்கும், புரண்டால் செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஈர மணல் நிரப்பிய பக்கெட்டில் அதே வாக்கில் வைத்துத் தூக்கிப் போனோம். புற்றிலிருந்து பத்தடி தள்ளி ஏழு குழி. அதே ஆழம், அதே வரிசை. மேலே கம்பி வலை போட்டு முளை அடித்தோம். ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டார். நான் புற்றைப் பார்த்துக் கும்பிட்டேன். இரண்டு பேரும் இரண்டு பக்கம் சொல்லிவைத்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

மனிதனையும் மெஷினையும் மட்டுமே நினைத்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வாராவாரம் முட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் முட்டையைப் புதைக்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊரில் பிறக்காத ஒருவனுக்கு முதல் நாளே தோன்றியிருக்கும்.

5. ஆடி வெள்ளி

கோடை முழுக்கக் கூடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. இனி எந்த நாளும் குட்டி வரலாம் என்றார் ஸ்டெல்லா.

ஆடி முதல் வெள்ளி. புற்றடியில் ஒரே கூட்டம். கூழ் ஊற்றினார்கள். கஸ்தூரியும் வந்தாள். மஞ்சள் தடவிய முட்டையில் குங்குமப் பொட்டு வைத்து, இலையில் வைத்துக் கும்பிட்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, உச்சி வெயிலில் கூடுகளைப் பார்க்கத் திரும்பி வந்தேன். கூட்டம் கலைந்திருந்தது. புற்றைச் சுற்றி இருபது முப்பது முட்டை இருக்கும்.

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கீரி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்று குட்டி. எந்த அவசரமும் இல்லை, கல்யாண வீட்டில் பந்திக்கு வருகிற மாதிரி வந்தன. பெரியது ஒரு முட்டையை முன்னங்காலால் எடுத்து, பின்னங்கால் இரண்டுக்கும் நடுவே பின்னால் இருந்த கல்லில் வீசி உடைத்தது. குட்டிகள் ஓடி வந்து நக்கின. அடுத்தது, அடுத்தது. குங்குமப் பொட்டு வைத்த முட்டையும் அந்தக் கல்லில்தான் உடைந்தது.

நான் அசையாமல் நின்றேன். கல்லைச் சுற்றிப் பழைய ஓடுகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. எத்தனை வருடத்து ஓடுகளோ. ஓட்டைப் பார்த்து ஆளைச் சொல்கிற துப்பறியும் ஆபீசர் நான். சனிக்கிழமைதோறும் அங்கே வந்து நின்றவன். ஒரு ஓட்டுத் துண்டுகூட என் கண்ணில் பட்டதில்லை. முட்டை இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போன் எடுத்திருக்கிறேன். அங்கே நான் ஃபீல்டு அசிஸ்டென்ட்டாகப் போகவில்லை, கஸ்தூரிக்கு அப்பனாகப் போனேன்.

போகும்போது ஒரு கீரி எங்கள் கம்பி வலை பக்கம் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. 

மறுநாள் காலையில் போன் செய்தேன். "எடுத்துக்கினாங்கம்மா" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுவது என்று லேபுக்குப் போனேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூடுகளை அன்றைக்கே கல்லூரி மணல் தொட்டிக்கு மாற்றிவிடுவார். அது நல்லது. ஆனால் காரணத்தை எழுதுவார். ஹெச்.ஓ.டி. பஞ்சாயத்துக்கு லெட்டர் போடுவார். புற்றடியில் போர்டு வைப்பார்கள், முட்டை வைக்காதீர்கள், கீரிகள் தின்கின்றன என்று. அடுத்த வெள்ளி கஸ்தூரி அந்தப் போர்டைப் படிப்பாள். இத்தனை வருடமாக அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று நான் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பாள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான் என்று நினைத்தேன்.

"இன்னாண்ணா, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் ஸ்டெல்லா.

"ஒண்ணுமில்ல மேடம். கம்பி வலை இன்னும் ஒரு சுத்து போடலாம்னு."

இன்னொரு வலை போட்டேன். ஓரமெல்லாம் கல் அடுக்கினேன். பக்கவாட்டில் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதைத்தால்தான் கீரிக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் எதற்கு என்று கேட்பார். அதனால் செய்யவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

6. சனிக்கிழமை காலை

மூன்றாவது ஆடி வெள்ளிக்கு மறுநாள். ஸ்டெல்லா எனக்கு முன்னால் போயிருந்தார். தூரத்திலேயே அவர் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 

ஏழு கூடும் போய்விட்டது. மேல் வலை அப்படியே இருந்தது. பக்கவாட்டில் சின்னச் சின்னப் பள்ளம். ஒரு முனை கடித்த ஓடுகள், கோப்பை கோப்பையாக. சிலதில் பென்சில் புள்ளி அழியாமல் இருந்தது.

ஐந்தாவது குழியின் அடியில் ஒரு முட்டை மட்டும் மிச்சம். அதைக் குட்டி உள்ளேயிருந்து கீறித் திறந்து, தலையையும் ஒரு காலையும் வெளியே நீட்டியிருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு. எறும்பு மொய்த்திருந்தது. ஸ்டெல்லா விரல் நுனியால் எறும்பைத் தள்ளி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டு விட்டார். ஒரு முறை கழுத்தை நீட்டியது. அவ்வளவுதான்.

"ரெண்டு நாள்ணா," என்றார். "ரெண்டே ரெண்டு நாள் விட்டிருந்தா எல்லாமே வெளிய வந்திருக்கும்."

சத்தம் போடாமல் அழுதார். அப்போது என் போன் அடித்தது. கஸ்தூரி.

"அப்பா, இன்னும் போன் வரல. எடுத்துக்கினாங்களா?"

ஸ்டெல்லா கையில் செத்த குட்டி. எதிரில் அந்தக் கல்.

"எடுத்துக்கினாங்கம்மா," என்றேன்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

போனை வைத்ததும் ஸ்டெல்லா ஷீட்டை எடுத்தார். அழுதுகொண்டே வேலையைச் செய்கிறவர் அவர். பிரிடேட்டர்: கீரி. சந்தேகமில்லை. அடுத்த கட்டம், கீரி அங்கே வரக் காரணம்.

"இங்க மட்டும் ஏன்ணா இவ்ளோ கீரி? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"கரைக்கு அந்தப் பக்கம் கோழிக்கடைக் கழிவு கொட்றாங்க இல்ல மேடம். அதுக்கு வந்து பழகியிருக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னால் அவர் சந்தேகப்பட மாட்டார். அது என் ஊர்.

7. பாஷா பாய் கேட்டது

அந்த வரி ஸ்டெல்லாவின் தீசிஸில் ஏறியது. ஹெச்.ஓ.டி. லெட்டர் போட்டு, பஞ்சாயத்து கோழிக்கழிவு கொட்டுவதை நிறுத்தியது. கோழிக்கடை பாஷா பாய்க்குப் பாவம் தினமும் கழிவை மொபெட்டில் கட்டிக்கொண்டு வெகுதூரம் போகிற வேலை. அடுத்த வருடமும் ஆமைகள் கரையேறின. அடுத்த வருடமும் கீரிகள் தோண்டின. ஸ்டெல்லா பட்டம் வாங்கி வேறு ஊர்க் கல்லூரிக்கு வேலைக்குப் போனார். நான் ரிடையர் ஆனேன். அந்த ஆடியிலும் முட்டை வைத்தார்கள், நானும் போன் செய்தேன்.

சென்ற வருடம் ஒரு நாள் பாஷா பாய் வழியில் வண்டியை நிறுத்தினார். சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சபாபதி, நான் கொட்றத நிறுத்தி ரெண்டு மூணு வருஷம் ஆச்சே. இப்போ ஏரியில குட்டி இருக்குதா?"

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  

"மொத ஆடி வெள்ளிக்கும் மூணாவதுக்கும் நடுவுல ரெண்டு வாரம் இருந்துச்சேண்ணா," என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் திருத்தம் எழுதி அனுப்பணும். அது வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சனிக்கிழமை போன் செய்யவில்லை. பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனேன். மாப்பிள்ளை தறியில் இருந்தார். கஸ்தூரி கூடத்தில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கீரியைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன், முப்பத்தெட்டு முட்டையைச் சொன்னேன், அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று சொன்னேன். அவள் நூலை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்பா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மொத வருஷமே தெரியும். தட்ட மறந்துட்டு திரும்பி வந்தேன். கீரி தின்னுக்கினு இருந்துச்சு. தின்னா தின்னுட்டுப் போவுது, அதுக்கும் குட்டி இருக்குது இல்ல, வேண்டிக்கிறது நம்ம மனசுக்குத்தானேன்னு நெனச்சேன்."

"அப்போ எதுக்கும்மா வாராவாரம் என்னைப் பாத்து சொல்லச் சொன்ன?"

இப்போதுதான் கையை நிறுத்தினாள்.

"அம்மா போனதுக்கு அப்புறம் நீயா எனக்கு எப்பப்பா போன் பண்ணியிருக்க? முட்டன்னு ஒண்ணு இருந்தா பண்ணுவ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா முட்ட வெக்கறத விட்டுட்டு மஞ்சத்தண்ணி ஊத்திட்டு வந்திருப்பேன். அங்க வர்றவங்ககிட்ட நானே சொல்லியிருப்பேன். அந்தக் குட்டிங்கள என் பேரச் சொல்லியாப்பா விட்டுட்ட?"

அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பிள்ளைக்காக அவள் என் எதிரில் அழுததில்லை. அன்று அழுதாள்.

இந்த ஆடியில் அவளே புற்றடியில் நின்று பெண்களிடம் பேசினாள். பாதிப் பேர் கேட்டார்கள். பாஷா பாயிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏரியில் இன்னும் குட்டி இல்லை. நான் வெட்டு வைத்த பழைய ஆமைகள்தான் தலை தூக்கிப் பார்க்கின்றன. அவற்றில் இரண்டு இந்த வருடம் செத்து ஒதுங்கின.

ஃபீல்டு வேலைக்கு வருகிற நீங்கள் காலிப்பர் பிடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஓட்டைப் பார்த்து ஆளைச் சொல்லவும் வந்துவிடும். உங்கள் வீட்டு ஆளைத் தொடுகிற ஒரு விவரம் வரும்போதுதான் கை நிற்கும். இது அவருக்குத் தாங்காது என்று நீங்களாக முடிவு செய்து மறைக்காதீர்கள். போய் அவரிடமே கேளுங்கள். நான் என் மகளிடம் கேட்கவில்லை.